முன்கூட்டியே சொன்ன நன்றி

பாப்பா! அடியே பாப்பா!

ஞானஸ்நானப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ என்றைக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறாய்? அது கோயில் புத்தகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உண்டான பேர். தெருவுக்கு நீ பாப்பா. பதினாலு வயசிலும் பாப்பா, பெட்டியில் வைத்து மூடும்போதும் பாப்பா. உன்னைப் பற்றி அச்சில் ஒரு பொய் வந்துவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுதினால் எப்படி இருக்கும் என்று சிரிப்பாய். சிரி.

ராயபுரத்தில் எங்கள் கோயிலைச் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்கு சனிக்கிழமை சாயங்காலம் நன்றி வகுப்பு என்று ஒன்று நடந்தது. நடத்தியவர் மாதர் சபைத் தலைவியம்மா. ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவர் வீட்டு அம்மா. மாடி வீடு, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி. அந்தம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டும் ஆறு கலர் மெழுகுப் பென்சிலும் கொடுத்தார். தினம் ஒரு நன்றி எழுத வேண்டும். நாலு வரியில் கவிதை, அதற்கு மேலே ஒரு படம். இப்படியே செய்து வந்தால் குறை சொல்கிற புத்தி போய்விடுமாம். குறையே இல்லாத வீட்டிலிருந்து வந்தவருக்கு எங்கள் புத்தியைப் பற்றி அவ்வளவு கவலை.

நான் ஒரே ஒரு சனிக்கிழமை போனேன். பிள்ளைகள் எல்லாம் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை மரம் என்று வரைந்துகொண்டிருந்தன. அவர்களில் ஒருத்தியும் மலையைப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த மலை துறைமுகத்து நிலக்கரிக் குவியல்தான். அது காற்றில் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் உட்காரும். கவிதையில் பட்டாம்பூச்சி, ரோஜா, பனித்துளி. பனித்துளியாம்! காசிமேட்டு இறால் கம்பெனியில் நானும் அம்மாவும் விடிந்ததிலிருந்து ஐஸில் கைவைத்து இறால் உரிக்கிறோம். விரல் நுனியெல்லாம் முள் குத்தி வெளுத்துப் புண்ணாகிக் கிடக்கும். பென்சிலைப் பிடித்தால் எரிந்தது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"கைக்கு நன்றி எழுதும்மா. கை இல்லாதவங்களை நினைச்சுப் பாரு" என்றார் தலைவியம்மா.

அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

என் தங்கச்சி பாப்பா தொடர்ந்து போனாள். அவளுக்கு அந்தக் கலர்கள் பிடித்திருந்தன. அவள் மலை வரையவில்லை. எங்கள் தெருக் குழாயை வரைந்தாள், வரிசையில் குடங்களை வரைந்தாள், குடத்துக்குப் பக்கத்தில் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடும் என்னை வரைந்தாள். கீழே எழுதினாள்:

குழாயே நன்றி, நீ வந்தே.
குடமே நன்றி, நீ நின்னே.
அக்கா நன்றி, சண்டை போட்டே.
நான் மட்டும் நல்லா தூங்கினேன்.

தலைவியம்மா அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "சண்டைக்கெல்லாம் யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க. குழாய்க்குப் பதிலா அருவின்னு போடு" என்று திருத்திக்கொடுத்தார். பாப்பா வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"அக்கா, அருவின்னா இன்னாக்கா?"

"பெரிய குழா. மூடறதுக்கு ஆள் கெடையாது" என்றேன்.

அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம். கண் வெள்ளை மஞ்சளானது, பிறகு நகம், பிறகு வயிறு வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். அப்போதுதான் தலைவியம்மா எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வந்தார். மூக்கில் கைக்குட்டை. இறால் நாற்றத்துக்கா, நோய்க்கா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் கோயிலில் மாதம் ஒரு நோட்டீஸ் அச்சடிப்பார்கள். முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் கொடுப்பார்கள். கடைசிப் பக்கம் நன்றிப் பக்கம். மாதாவிடம் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டால், பரீட்சை பாஸானது, கல்யாணம் கூடியது, வலி போனது என்று அதில் போட வேண்டும். போடுவதாக நேர்ந்துகொண்டுதான் வேண்டவே ஆரம்பிப்பார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். தலைவியம்மா அதையும் திருத்தினார்.

"கிடைச்சப்புறம் நன்றி சொல்றது வியாபாரம். கிடைக்கறதுக்கு முன்னாடியே சொல்றதுதான் விசுவாசம். குணமாயிட்டான்னு இப்பவே போட்டுடுங்க. மாதா கைவிடவே மாட்டாங்க. பாப்பாவே எழுதட்டும், பாப்பாவே படம் போடட்டும். படத்தை அச்சடிக்க பிளாக் செய்யறதை நான் பார்த்துக்கறேன்."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அச்சில் வருவது நடந்துவிடும் என்று நினைக்கிறவள். "அப்டியே செஞ்சிடலாம்மா. இன்னா எழுதணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்று கையைக் கூப்பினாள்.

அந்தம்மா சொல்லச் சொல்ல பாப்பா சுவரில் சாய்ந்துகொண்டு எழுதினாள்:

வாடிய கொடி நான், நீர் தெளித்தாய்;
மஞ்சள் நோய் போக்கி மலரச் செய்தாய்;
எழுந்து நடந்தேன், தாயே நன்றி;
என்றும் மறவேன், தாயே நன்றி.

ஒரு எழுத்துகூட அவளுடையது இல்லை. படம் மட்டும் அவளுடையது. கடலோரக் கருங்கல் மேல் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவுகிறாள். பாவாடை குடைபோல விரிந்திருக்கிறது. கால் இரண்டும் தரையில் இல்லை. அதை முடிக்க மூன்று நாள் ஆனது. பென்சிலைப் பிடிக்க முடியாமல் படுப்பாள், பிறகு எழுவாள். முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் இன்னும் எய்ந்துக்கவே இல்லியே. நடந்தேன்னு எய்தலாமா?"

நான் அப்போது கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "எய்தித் தொல. கோயில் நோட்டீஸ்ல முக்காவாசி பொய்தான் கீது. ஒன்னுது ஒன்னு கூட இருக்கட்டும்" என்றேன். அந்தத் தாளைக் கொண்டுபோய்த் தலைவியம்மா கையில் கொடுத்தவளும் நான்தான். அந்த அம்மாவை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் நான் நல்லவளாகிவிடுவேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

பாப்பா புதன்கிழமை மத்தியானம் செத்தாள். வியாழக்கிழமை அடக்கம். தலைவியம்மா மாலை கொண்டுவந்தார், ஜெபமாலை சொன்னார், என் முதுகைத் தடவினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தோம். வாசலில் வழக்கம்போல நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி, வேறு தெருக்காரி, ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"குடுத்து வெச்சவமே நீ! பொண்ணு எய்ந்து நடந்துட்டாளாமே! படமெல்லாம் போட்டுக்கீறாங்க!"

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடி சொல்றா இவ?"

நான் நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் பாப்பா தாவிக்கொண்டிருந்தாள். அச்சில் கலர் இல்லை. ஆனால் கோடு ஒன்றும் தப்பவில்லை.

மறுநாள் கம்பெனியில் எதிர்வரிசைக்காரி குரல் கொடுத்தாள். "இன்னாமே, தங்கச்சி செத்துப்பூட்டான்னு நாலு நாள் வரல. நோட்டீஸ்ல ஜோரா குதிச்சிகினு கீறா?" எல்லாரும் சிரிக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற திருவொற்றியூர்க்காரிதான் அவள் மேல் இறால் ஓட்டுக்கூடையைத் தூக்கி எறிந்தாள்.

அம்மா அழுதது பொய் வந்ததற்காக இல்லை. செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ள ஆள் வேண்டும். ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும்; பூமியில் இருக்கிறவர்கள் வேண்ட வேண்டத்தான் மேலே ஏறும். எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"குணமாயிட்டான்னு படிச்சவ எவளாவது எம் பொண்ணுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவாளாடி? எல்லாருமா சேந்து அவள அங்கயே வுட்டுட்டாங்களே" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்த ஸ்தலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பாப்பா எங்கோ காத்துக்கொண்டிருக்கிறாள், யாரும் வரவில்லை என்ற நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. மாடி வீட்டுக்குப் போனேன்.

"உட்காரும்மா" என்றார் தலைவியம்மா.

"உக்கார வரல. பாப்பா செத்தது உங்களுக்குத் தெரியும். மால போட்டீங்க. அப்புறம் எப்டி நோட்டீஸக் குடுத்தீங்க?"

"அச்சாகி வந்துட்டுதேம்மா. எரிக்கவா முடியும்?"

"எரிச்சிருக்கலாம்."

"குணம்னா உடம்புக்கு மட்டுமா? ஆத்துமம் குணமாயிட்டுதுன்னு எடுத்துக்கோயேன்."

"அப்ப நடந்தேன்னு போட்டுக்கீதே. ஆத்துமம் எங்க நடந்துச்சு? பீச் ரோட்லயா?"

அந்தம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது வந்திருக்கும். "துக்கத்துல பேசறே" என்று என் தலையில் கை வைத்தார்.

"அடுத்த நோட்டீஸ்ல ஒரே வரி போடுங்க. அந்தப் பொண்ணு செத்துப்பூட்டா, வேண்டிக்குங்கன்னு. வேற ஒன்னும் வேணாம்."

"அடுத்த மாசத்துக்கு இன்னும் நாலு பேர் முன்கூட்டியே நன்றி எழுதிக் கொடுத்திருக்காங்க. அதே பக்கத்துல உன் வரி வந்தா அவங்க விசுவாசம் என்ன ஆகும், யோசிச்சுப் பாரு" என்றவர், உள்ளே போய் ஒரு புது நோட்டும் பென்சில் டப்பாவும் கொண்டுவந்தார். "பதினாலு வருஷம் தங்கச்சி உனக்குக் கிடைச்சாளே. அதுக்கு தினம் நாலு வரி நன்றி எழுது, மேலே ஒரு படம் போடு. துக்கம் கரைஞ்சிடும்."

சர்க்கரையா கரைவதற்கு? ஆனாலும் வாங்கிக்கொண்டேன். நோட்டை வழியிலேயே சாக்கடையில் போட்டேன். டப்பாவிலிருந்து கறுப்புப் பென்சிலை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறிலிருந்து வீடு வீடாகப் போனேன். நோட்டீஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, படத்துக்குக் கீழே இருந்த நாலு வரியையும் அடித்துவிட்டு எழுதினேன்:

இவள் நடக்கவில்லை. இறந்துவிட்டாள்.
இவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

என் வாழ்நாளில் நான் எழுதிய கவிதை இது ஒன்றுதான். நாலு வரி வேண்டுமென்றால் மற்ற இரண்டு வரிக்கு என்னிடம் விஷயம் இல்லை.

ஒரு வீட்டில் நோட்டீஸைக் கருவாட்டுக்கு அடியில் விரித்திருந்தார்கள். ஒரு வீட்டில் அதால் ஸ்டவ் துடைத்திருந்தார்கள். ஒரு கிழவர், "கோயில் காயிதத்துல கிறுக்காதம்மே, பாவம் வரும்" என்று பிடுங்கிக்கொண்டார். அந்த நன்றியெல்லாம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். நன்றி வகுப்பு நோட்டைக் கிழித்து, பனித்துளிக் கவிதைகளில் வடை சுற்றியிருந்தார்கள். சிலர் மட்டும் நான் எழுதியதைப் படித்துவிட்டு அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்காகத்தான் அடுத்த தெருவுக்கும் போனேன்.

ஒருநாள் கம்பெனியில் திருவொற்றியூர்க்காரி சொன்னாள்: "எங்க பக்கத்து வூட்ல உன் தங்கச்சி படம் கீதுமே. செவுத்துல ஒட்டி வெச்சிக்கீறாங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஒற்றை அறை. வாசலில் நின்ற பெண்ணிடம், "ராயபுரம் கோயில் நோட்டீஸ் உங்க வூட்ல கீதாமே, பாக்கணும்" என்றேன். உள்ளே வரச்சொன்னாள். பாயில் ஆறேழு வயசுப் பெண்பிள்ளை. முகம் உப்பியிருந்தது, கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. அவள் படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற இடத்தில் சோற்றுப்பசை போட்டு பாப்பாவை ஒட்டியிருந்தார்கள். பாவாடைக்கு யாரோ நீல மை தீட்டியிருந்தார்கள்.

"நான்தான் கலர் அட்சேன்" என்றது பிள்ளை.

அதன் அம்மா சொன்னாள்: "எங்க மாமியா வாங்கியாந்தாங்க. இந்தப் பொண்ணு எய்ந்து நடந்துச்சே, அதே மாதிரி நாங்களும் முன்னாடியே நன்றி சொல்லிகினு கீறோம். நீ யாருமே?"

"இவளுக்கு அக்கா."

அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்திருக்கவே கூடாது. "அக்காவா! உக்காரு, உக்காரு. இப்ப எப்டி கீது தங்கச்சி?"

பிள்ளையும் என்னைப் பார்த்தது. "இந்த அக்கா எந்தக் கல்லுல குதிக்கிறாங்க?"

"ராயபுரம் கடலாண்ட."

"நான் எய்ந்துகினா இட்டுகினு போவாங்களா?"

பென்சில் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. எடுத்து ஒரு வரி எழுத எவ்வளவு நேரம்?

"நல்லா கீறா" என்றேன் அந்த அம்மாவிடம். பிள்ளையிடம், "இட்டுகினு போவா" என்றேன்.

டீ கொடுத்தார்கள். குடித்தேன். அவ்வளவு வீராப்பாக ஊரெல்லாம் உண்மை எழுதிக்கொண்டு திரிந்தவள், தலைவியம்மா சொன்ன அதே பொய்யை அவரைவிட நன்றாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தம்மாவாவது அச்சில் சொன்னார். நான் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

வீட்டில் அம்மா கேட்டாள், "எய்திட்டியா? அவங்க வேண்டிகினாங்களா?"

"வேண்டிகினாங்க" என்றேன்.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. திருவொற்றியூர்க்காரி அந்தப் பேச்சை எடுத்தால் இறால் கழுவ எழுந்துபோய்விடுகிறேன். அதற்குப் பிறகு வேறு எந்த வீட்டுக்கும் போக எனக்குக் கால் வரவில்லை. எத்தனை சுவரில் பாப்பா இன்னும் தாவிக்கொண்டிருக்கிறாளோ தெரியாது. அத்தனை வீட்டிலும் அவளுக்காக ஒருவரும் வேண்ட மாட்டார்கள், அவள் சௌக்கியமாக இருக்கிறாள் என்று. அதற்கு நானும் ஒரு காரணம்.

அதனால் இதைப் படிக்கிறவர்களைக் கேட்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. கவிதை வேண்டாம், படம் வேண்டாம், யாருக்கும் நன்றி வேண்டாம். பாப்பா என்று சொன்னால் போதும், அவளுக்குத் தெரியும். அவள் குணமாகவில்லை, செத்துவிட்டாள். எல்லாரும் அவளுக்காக ஒரு தடவையாவது வேண்டிக்கொள்ளுங்கள்.