ஊசிக்கு நான் கடைந்த வளையம்

என் மனைவியின் கை நடுங்க ஆரம்பித்ததை முதலில் கண்டவன் நான்தான். காலையில் காபி கொண்டுவந்து நீட்டும்போது டபராவுக்குள் டம்ளர் கிணுகிணுவென்று ஆடும். "என்ன அம்மணி, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். விளையாட்டுக்குக்கூட அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. நான் அப்படித்தான், இரும்பு விஷயம் என்றால் உடனே புரியும், மற்றதெல்லாம் தாமதம்.

அவள் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைபவன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புதன்கிழமை தோறும் ஆஸ்பத்திரி வேன் மதுக்கரை தாண்டி இருக்கும் ஊர்களுக்குப் போகும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளுக்கு இடது தோளில் காச நோய்த் தடுப்பூசி போடுவது அவள் வேலை. பத்து வருஷமாக அவள் ஒருத்திதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

மற்ற ஊசி போல இல்லை அது. மருந்து தோலுக்கு அடியில் போகக் கூடாது, தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, நுனி மட்டும் நுழையும்படி தள்ள வேண்டும். சரியாக இறங்கினால் துவரம்பருப்பு அளவுக்கு வெளுத்த கொப்புளம் ஒன்று உடனே எழும்பும். ஆழமாகப் போய்விட்டால் எழும்பாது. அப்போது ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்துத் தோளில் சீழ் வைக்கும், அக்குளில் நெறி கட்டும்.

அவளுக்கு அந்தக் கொப்புளம் தவறியதே இல்லை. அந்த ஊர்களில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். வேறு நர்ஸ் வந்தால், "அந்தம்மா வரட்டுமுங்க, அடுத்த வாரம் போட்டுக்கறோம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். எங்கள் இருவரின் அப்பன்மாரும் வெள்ளகோவில் பக்கம் அடுத்தவர் காடு தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அவளுடைய அம்மா சாணி அள்ளப் போன வீடுகளில் மாட்டுக் கட்டுத்தரையோடு நின்றுகொள்ள வேண்டும். அதே மாதிரி வீட்டுப் பெண்கள் இவளைக் கட்டிலில் உட்கார வைத்து, பிறந்த குழந்தையை இவள் மடியில் போட்டார்கள். அவள் சம்பாதித்தது அந்தக் கைராசிதான். நடுக்கம் டாக்டருக்குத் தெரிந்தால் அழுக்குத் துணி எண்ணும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதை நினைத்துத்தான் அவள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள்.

"எவ்வளவு ஆழம் போகோணும், அதச் சொல்லு" என்றேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும்.

"அளவெல்லாம் இல்லீங்க. கைக்குத் தெரியும்."

"கைக்குத் தெரியறதெல்லாம் அளவுதான்."

இப்படிப் பேசுவதில் எனக்கு அப்போது ஒரு பெருமை இருந்தது. ஷாஃப்ட் கடைந்து மிச்சமான எஸ்.எஸ். எஃகுத் துண்டு ஒன்றை எடுத்தேன். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வளையம். ஊசியின் அடிக்கட்டையில் இறுக்கமாக உட்காரும். மறுமுனையைச் சாய்வாகச் சீவி, நடுவில் பட்டாணி அளவுக்கு வாய் திறந்தேன். அந்தச் சாய்வைத் தோலில் வைத்தால் ஊசி தானாகவே படுத்துக்கொள்ளும், நுனி மட்டும் வாய்க்குள் எட்டிப் பார்க்கும். எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் போகாது. கை நடுங்கினாலும் வளையம் தோலில் ஊன்றி நிற்கும்.

ஆறு வளையம் கெட்டுப்போய் ஏழாவது சரியாக வந்தது. வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றி என் முன்கையில் போடச் சொன்னேன். கொப்புளம் எழும்பியது. அடுத்து அவள் கையில் நான் போட்டேன். ஊசி பிடித்தே பழக்கமில்லாத நான் போட்டும் எழும்பியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது என்று அன்றைக்கு நினைத்தேன்.

வளையத்தை ஊசிகளோடு சேர்த்துக் கொதிக்க வைத்து எடுத்துப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. எல்லா நர்ஸுக்கும் செய்து தரலாம், பிறகு டாக்டரிடம் நானே போய்க் காட்டுவேன் என்றெல்லாம் எனக்குள் கனவு.

மூன்றாவது புதன்கிழமை வந்து சொன்னாள். "ஏனுங்க, கொப்புளம் எந்திரிக்குது. ஆனா வெளுப்பா இல்லீங்க. தோல் நெறத்துலயே இருக்குது. கொஞ்ச நேரத்துல அமுங்கிப் போயிருது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். "அங்க வெளிச்சம் பத்தாது. மைக்ரோமீட்டர் வெச்சுப் பாத்துத்தான் குடுத்திருக்கறேன். அளவு எங்க போகும்?" என்றேன்.

"சரீங்க" என்றாள். தன் கண்ணை விட என் மைக்ரோமீட்டரை நம்பினாள்.

அந்த ஊசி போட்ட இடம் சில வாரத்தில் சிவந்து, லேசாகப் புண்ணாகி, ஆறித் தழும்பாகும். அது இயல்புதான். தழும்பு விழுந்தால் "ஊசி பிடிச்சிருச்சு" என்பார்கள். அதனால் தோள் வீங்கியபோது யாரும் பயப்படவில்லை. அடுத்த ஊசிக்கு வந்த ஒரு தாய் குழந்தையின் சட்டையை விலக்கிக் காட்டி, "இவனுக்கு நல்லாப் பிடிச்சிருச்சுங்க, பாருங்க எம்மாம் பெருசு" என்று சந்தோஷமாகச் சொன்னாளாம். இன்னொருத்தி அக்குளில் நெறி கட்டியதைக்கூடச் சொல்லாமல் மறைத்தாள். கைராசிக்காரி போட்ட ஊசியைக் குறை சொன்னதாக ஆகிவிடுமே என்று அவளுக்குக் கூச்சம். எங்கள் பக்கத்து மரியாதை அது. அந்த மரியாதையில் நான்கு புதன்கிழமை கூடுதலாகப் போயின.

ஒரு பெண் குழந்தைக்கு அக்குளில் இருந்த கட்டி உடைந்து சீழ் வழிந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டரம்மா வேனை அனுப்பி மற்ற குழந்தைகளையும் வரவழைத்தார். நான் மனைவியைக் கூட்டிப்போக டிவிஎஸ் ஃபிஃப்டியில் போயிருந்தேன். வராந்தா முழுக்கக் குழந்தைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் இடது தோள், ஒரே அளவு வீக்கம். நான் கடைந்த ஷாஃப்டுகளை வரிசையாக அடுக்கினாலும் அவ்வளவு ஒன்றுபோல் இருக்காது.

டாக்டரம்மா என்னையும் உள்ளே வரச் சொன்னார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "கை தவறினா ஒண்ணு ரெண்டு ஆழமாப் போகும். இது எப்படிம்மா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி?" என்று கேட்டார்.

என் மனைவி இரண்டு கைகளையும் அவர் முன்னால் மேஜைக்கு மேலே நீட்டினாள். இரண்டும் ஆடின. "கை நடுக்கமுங்க டாக்டர். சொல்லாம வேலை செஞ்சுபோட்டேன்."

கொதிக்க வைக்க எடுத்து வந்திருந்த வளையத்தை வராந்தாவிலேயே அவள் என்னிடம் கொடுத்திருந்தாள். என் சட்டைப் பையில் அது இருந்தது. எடுத்து மேஜையில் வைக்க ஒரு நொடி போதும். நான் வைக்கவில்லை. கேஸ் ஆகிவிடும் என்று பயந்ததாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். என் அளவு தப்பு என்று இன்னொருவர் வாயால் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

குழந்தைகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. அந்தப் பெண் குழந்தைக்குப் புண் ஆறப் பல மாதம் ஆனது. என் மனைவி துணி எண்ணும் அறைக்குப் போனாள். அந்த ஊர்களில், "அந்தம்மா கைராசி போயிருச்சு" என்று பேசிக்கொண்டதாக வேன் டிரைவர் வந்து சொன்னார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, வளையத்தை ஊசி இல்லாமல் அதன் தோளில் வைத்து மெல்ல அழுத்தினேன். பஞ்சு போன்ற சதை வளையத்தின் வாய்க்குள் பிதுங்கி மேலே வந்தது. அங்கே ஊசி இருந்திருந்தால் சதையே ஏறி வந்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும், நுனி தோலைத் தாண்டி ஆழமாகப் போயிருக்கும். வளையத்தை எடுத்தேன். நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு, தோல் நிறத்திலேயே. கொஞ்ச நேரத்தில் அமுங்கிப் போனது.

பட்டறையில் நாங்கள் கடையும் பொருளை ஜாப் என்போம். லேத்தின் பிடியான சக்கில் மாட்டி இறுக்கினால் ஜாப் அசையாது. இருபது வருஷம் அசையாத ஜாபில் வேலை செய்தவனுக்குத் தோல் எழுந்து வரும் என்று தோன்றவே இல்லை. என் முன்கையும் அவள் முன்கையும் உழைத்து இறுகியவை, அதனால் பிதுங்கவில்லை. அவள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அவள் கையிலும் தப்பில்லை. கை தன் போக்கில் நடுங்கியிருந்தால்கூடப் பாதிக் குழந்தைகள் தப்பியிருக்கும். என் வளையம் ஒன்றையும் விடவில்லை.

சமையலறை வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் கையில் வளையம் இருந்ததைக் கண்டாள், குழந்தையின் தோளைக் காணவில்லை. அதற்குள் நான் துணியை இழுத்து மூடியிருந்தேன்.

"ஏனுங்க," என்றாள், "அந்த அளவு சரியாத்தானுங்களே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்ப என்ர கைதானுங்க" என்று சொல்லிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த வலது கையை இடது கையால் பிடித்தபடி அடுப்பைப் பார்க்கப் போனாள்.