மூன்றாம் மாடியில் கிடைத்த முன்னுரிமை

பிரியமானவர்களே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் அழுவார்கள். நான் அழ வரவில்லை. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தோடுதான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். கணவர் ஜவுளிக்கடையில் வேலை. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்கு ஒன்பது வயது. மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, அவள் இதய வால்வு கெட்டுவிட்டது. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரிக்கும். இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி. ஒவ்வொரு முறையும் என் கணவர் அவளை முதுகில் சுமந்து இறக்குவார், ஏற்றுவார்.

"படியே ஏறக் கூடாதும்மா. கீழ் வீடா பாத்துக்கிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

பார்க்காமலா இருந்தோம்? நோயாளிப் பிள்ளை என்றதும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அரசாங்க வாடகைக் குடியிருப்பில் கடும் நோயாளிகளுக்கு முன்னுரிமை உண்டு என்று கேள்விப்பட்டு மனுப் போட்டோம். டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து, அது காலாவதி, புதிது வேண்டும் என்றார்கள். ஆறு மாதத்தில் என் மகளின் இதயம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தார்களா? இப்படி மூன்று முறை. இரண்டு வருஷம் ஓடியது. மாதா கோவிலில் சிலர், "பொறுமையா இருங்க டீச்சர், இது சோதனை" என்றார்கள். அந்தச் சொல் இன்றும் எனக்கு எரிகிறது.

ஒரு தவக்காலத்தில் ஒதுக்கீட்டு ஆணை வந்தது. பிரித்துப் படித்தேன். இதய நோய் முன்னுரிமை என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, மூன்றாம் மாடி.

அலுவலகத்துக்கு ஓடினேன். "இதய நோய்னு நீங்களே எழுதிட்டு மூணாவது மாடியா குடுக்கறீங்க?"

குமாஸ்தா தலையைத் தூக்கவில்லை. "முன்னுரிமை வீட்டுக்குத்தாம்மா. மாடிக்கு இல்ல. வேணாம்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அங்கிருந்து நேராகக் கோவிலுக்குப் போனேன். முழங்கால் போடவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்றபடியே கத்தினேன். "மாதாவே, நிறைமாச வயித்தோட இடமில்லாம அலைஞ்சவதானே நீ? உனக்குமா புரியல? உன் மகன் கிட்ட சொல்லு. இல்லாட்டி, நான் இனிமே இங்க வரல." கோவில் பெருக்குகிற அம்மாள் பயந்து வெளியே போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் உண்மையாக ஜெபித்தேன்.

அடுத்த திங்கள், மனுவோடு மறுபடி அதே அலுவலகம். அதே குமாஸ்தா, அதே பதில். நான் சத்தம் போடுவதைப் பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்துத் தையல்காரர், கோவிந்தராஜு என்று பெயர். எங்களுக்கு மூன்றாம் மாடி கொடுத்த அதே கட்டடத்தில் அவருக்குக் கீழ் வீடு ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் மெஷினைப் போட்டுப் பிழைக்கலாம் என்று சாவி வாங்க வந்தவர்.

எழுந்து வந்து, "கொழந்தைக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த தன் ஆணையை என்னிடம் நீட்டினார். "என் வீட்ட நீங்க எடுத்துக்கங்க. நான் மேல போறேன்."

"அப்படில்லாம் மாத்த முடியாது" என்றார் குமாஸ்தா.

"அப்ப முடியற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே உக்காந்துக்கறோம்."

உட்கார்ந்தோம். மத்தியானம் உள்ளேயிருந்து அதிகாரி வந்தார். "ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்றார். கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிஷம். இந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் என் பிள்ளையை இரண்டு வருஷம் படியில் இழுத்தடித்தார்கள்.

நான் மாதாவிடம் கேட்டேன். பதில் நெற்றியில் நாமத்தோடு வந்தது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. குடிபோன அன்றே அவரிடம் சொன்னேன்: "அண்ணே, மெஷின மேல தூக்காதீங்க. எங்க வாசல்லயே போடுங்க." ஏழு வருஷம் அது எங்கள் வாசலில்தான் ஓடியது.

ஸ்டெல்லாவுக்கு மெட்ராஸில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நான் ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வராந்தாவில் உட்கார்ந்து, வீடு கேட்கும் நோயாளிகளுக்கு மனு எழுதித் தருகிறேன். நோயின் பெயரோடு விடமாட்டேன். இவரால் எத்தனை படி ஏற முடியும், எந்தத் தளம் வேண்டும் என்பதையும் எழுதி, அடிக்கோடு போடுவேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருக்கலாம். கோபம் வந்தால் அதை மறைத்துக்கொண்டு ஜெபிக்காதீர்கள். அப்படியே கடவுளிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள், அவர் தாங்குவார். கொட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில் மனுவை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். அந்த அலுவலகத்துக்கு நானும் கூட வருகிறேன்.