கதிரேசனுக்கு எங்கள் வீட்டில் மாலை இல்லை

கதிரேசன் இறந்த செய்தி வந்தபோது நான் மயிலாப்பூர் கோயிலில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். போனில் பேசியது தேவி, அவருடைய படங்களில் உதவி இயக்குநராக இருந்த பெண். "அக்கா, சார் காலைல போயிட்டாருக்கா. ஹார்ட்டு." நல்ல சேதியோ கெட்ட சேதியோ, என் வாயில் முதலில் வருவது சாமி பெயர்தான். அன்றைக்கு வரவில்லை. "மன்னிப்பு கேக்காமலே போயிட்டானா?" என்றுதான் வந்தது. பக்கத்தில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவரோடு திரைப்பட விழாக்களுக்குப் போன நீங்கள் எல்லோரும் இந்த நினைவு மலரில் அவரைப் பெரிய மனிதர் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் கிராமத்தில் பத்தாவது வரை படித்தவள், எனக்குச் சினிமா தெரியாது. எனக்கு அவர் செய்தது தெரியும்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். தயாரிப்பாளர் யாரும் கிடைக்காமல் நண்பர்களை வைத்து எடுத்த முதல் படத்துக்கு எங்கள் கூடத்தைக் கேட்டார். கொடுத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் காபியும் கொடுத்தேன். கதையில் அப்பா செத்துப்போனவராம். சுவரில் இருந்த எங்கள் வீட்டுக்காரர் போட்டோவைக் காட்டி, "இதுக்கே ஒரு மாலை போட்டுக்கலாம்க்கா" என்றார்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலையா? இன்னொரு தடவை அந்தப் பேச்சு வந்துச்சு, கேமராவத் தூக்கித் தெருவுல வச்சிருவேன்."

"சரிக்கா, விடுங்க. வேற போட்டோ பாத்துக்கிறேன்."

அதை நம்பி அன்று சாயங்காலம் பிரதோஷத்துக்குப் போய்விட்டேன்.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு தியேட்டரில், விழாவில் அந்தப் படத்தை முதல்முதலாகப் போட்டார்கள். கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கலோடு தெருவையே அழைத்துப்போனேன். விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில், திரை முழுக்க எங்கள் வீட்டுக்காரர். நெற்றியில் சந்தனம், குங்குமம். சட்டத்தைச் சுற்றிச் சம்பங்கி மாலை. எதிர்வீட்டு பாத்திமா என் முழங்கையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா இது, அண்ணனுக்கு மாலை போட்டுக்கீறாங்க?"

அண்ணன் பக்கத்துச் சீட்டில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார். "நல்லா விழுந்திருக்கேன்ல?" என்றார்.

"போட்டோவ நீங்களா கழட்டிக் குடுத்தீங்க?"

"பாவம், ஆசைப்பட்டுக் கேட்டான்."

படம் முடிந்து, பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். மைக்கை வாங்கினேன். "தம்பி, நீ மாலை போட்ட மனுசன் இதோ உசுரோட உக்காந்திருக்காரு" என்றேன். அரங்கம் கைதட்டியது. பாராட்டு என்று நினைத்துவிட்டார்கள். மேடையில் கதிரேசன் சிரித்தார். "அக்கா, சினிமாவுல செத்தா ஆயுசு கூடும்."

"அப்ப உன் போட்டோவையே மாட்டியிருக்கலாமே."

"என் மூஞ்சிய யாருக்கா பாப்பாங்க?"

அதற்கும் கைதட்டினார்கள். பொங்கலை யாருக்கும் கொடுக்காமல் திருப்பி எடுத்து வந்தேன்.

அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். அதை நான் யார் கணக்கில் எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கதிரேசன் நாள் முழுக்க ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றேன். "மாமாவுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றாரே தவிர, அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எழுந்து போகச் சொன்னேன். போகவும் இல்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு விழாவுக்கும் பாஸ் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவார். புதுப் பையன்கள் படம் என்றால் எங்கள் வீட்டுக்காரர் கிளம்பிவிடுவார். இவரைத் தனியாக அந்த மனிதரோடு விடக்கூடாது என்று நானும் போய் இருவருக்கும் நடுவில் உட்காருவேன். தூங்கியும் போவேன். "எழுப்பாதீங்க மாமா, நல்ல தூக்கம் குடுத்தா அதுவும் நல்ல படம்தான்" என்பார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்வார்.

அடையாறில் ஒரு சின்ன அரங்கில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நாற்காலியில் அவர் போட்டோ, ரோஜா மாலை. வணங்கப் போனவள் நின்றுவிட்டேன். போட்டோவில் அவர் தோளில் ஒரு கை. அதில் கட்டியிருந்த வாட்ச் நான் வாங்கிக் கொடுத்தது. முதல் படம் போட்ட அன்று தியேட்டர் வாசலில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டதில் எங்கள் வீட்டுக்காரரை வெட்டியிருக்கிறார்கள், கை மட்டும் மிச்சம். மாலை நேராக அதன் மேல் விழுந்திருந்தது.

"வேற போட்டோவே இல்லக்கா. எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியே நின்னுட்டாரு" என்று தேவி அழுதாள்.

செத்தும் இவருக்கு மாலை போடுகிறாயா என்று கதிரேசனை மனதுக்குள் கேட்டேன். பூவை ஒதுக்கி, அந்தக் கைமேல் படாதபடி குண்டூசி குத்தினேன். அதன் பிறகுதான் கும்பிட்டேன்.

கூட்டத்தில் ஆளாளுக்கு அவரிடம் கற்றதைச் சொன்னார்கள். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு கோபம். அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் இல்லாததால் நான்தான் வைத்திருக்கிறேன். தேவியிடம் வெட்டாத போட்டோவைக் கேட்டு வாங்கி எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பூ வைக்கப் போனால் தடுத்துவிடுகிறேன். அதில் எங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். கூட நிற்கிறவருக்கும் மாலை கிடையாது.