தம்பியின் பெயரைத் தேடியவர்கள்

புலம்பெயர்ந்து செயின்ட்-மிஷேலில் வசித்த நிரஞ்சலா, தன் சிறுகதைத் தொகுப்பை நாலு பேருக்குத் தெரியப்படுத்தத்தான் வலைப்பதிவு தொடங்கினாள். புத்தகத்தைப் பற்றி எழுதியதை ஒருவரும் சீண்டவில்லை. மட்டக்களப்பில் தம்பி கிரி நடத்தும் சைக்கிள் கடையைப் பற்றி, தெருப்பெயரும் அவன் படமும் போட்டு எழுதிய பதிவுக்கு மட்டும் ஆட்கள் குவிந்தார்கள். சந்தோசமாகப் புள்ளிவிவரத்தைத் திறந்தாள். முக்கால்வாசிப் பேர் கொழும்பிலிருந்து, கிரியின் முழுப்பெயரைத் தேடி வந்திருந்தார்கள். வெள்ளை வான் வண்டியில் வந்து ஆட்களைக் கடத்திக்கொண்டு போன காலம் அது. உடனே பதிவை அழித்துவிட்டு அவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“தம்பி, கடையைப் பூட்டிட்டு மாமி வீட்ட போ.”

“ஏனக்கா?”

“பேந்து சொல்றன். இப்பவே வெளிக்கிடு!”

அடுத்த நாளே இரண்டு பேர் அந்தப் படத்தோடு வந்து, பக்கத்துக் கடையில் அவனை விசாரித்தார்களாம். கிரி இந்தியா போய்ச் சேர்ந்தான் என்று தெரியும்வரை நிரஞ்சலாவுக்குச் சோறு இறங்கவில்லை.