லூர்து டீச்சருக்கு வாசிக்காத மூன்றாவது ஓலை

லூர்து டீச்சர் போயிட்டாங்க.

இன்று காலையில். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் சர்ச் ஸ்கூலில் எண்பதுகளில் படித்தவர்களுக்கு யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து கைகூப்புகளாக வந்து விழுகின்றன. "தன் வாழ்வையே ஆண்டவருக்கு அர்ப்பணித்தவர்" என்று ஒருத்தர் போட, கீழே வரிசையாக ஆமென்.

அர்ப்பணித்தாராம்... கேட்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்துவிட்டு அப்போது நான் சர்ச் வளாகத்தில் தையல் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து பழைய துணி வரும் பெட்டிகளின் அடியில் இங்கிலீஷ் நாவல்களும் கிடக்கும். எங்களுக்கு அது வெறும் காகிதம், டீச்சர்தான் அள்ளிக்கொண்டு போவார்.

எல்லாமே ஒரு சின்னத் தீவில் நடக்கிற காதல் கதைகள். ஒரு சர்ச், ஒரு படகுத்துறை, கொஞ்சம் வீடுகள், ஜெபம் பண்ணிவிட்டுக் காதலிக்கும் ஆட்கள். புத்தகத்துக்குப் புத்தகம் ஜோடி மட்டும் மாறும்.

ஸ்கூல் விட்டதும் டீச்சர் எங்கள் கிளாஸுக்கு வந்து, புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்படியே தமிழில் சொல்வார். மெஷின் எல்லாம் நின்றுவிடும்.

நாங்கள் கடலையே பார்க்காத கூட்டம்.

"தீவுன்னா, ஒகேனக்கல்ல ஆத்து நடுவுல பாறை இருக்குதே, அந்த மாதிரிங்களா டீச்சர்?" என்று கேட்டது ஞானம் பெரியம்மா. என் அம்மாவின் அக்கா, கிளாஸிலேயே மூத்தவர்.

"அதும்மேல வூடு கட்டி, கோயில் கட்டி, பக்கத்து வூட்டோட சண்டையும் போட்டா தீவுங்க."

அந்தக் கதைகளில் ஒன்றில் ஹன்னா என்று ஒரு பெண். வெளியூரிலிருந்து தீவுக்கு நர்ஸாக வந்தவள். படகு ஓட்டுகிறவனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போகும், ஆனால் "நம்ம ஆள் இல்லை" என்று தீவே குறுக்கே நிற்கும்.

பெரியம்மா அழுத அழுகை இருக்கிறதே... கதை என்பதையே மறந்து, ஃபாதரிடம் போய் ஹன்னாவுக்காக வேண்டிக்கொள்ளப் பூசைக் கருத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்!

ஞாயிறு பூசையில் ஃபாதர் கணீரென்று வாசிக்கிறார், "ஹன்னா என்ற மகளின் திருமணத் தடைகள் நீங்கவேண்டுமென்று..." ஆர்மோனியத்துக்குப் பின்னால் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். அவர் அப்படிச் சிரித்து அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

அந்தோணி அண்ணன் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். தொப்பூரில் லாரிப் பட்டறை மெக்கானிக். ஃபாதரின் ஜீப்பைப் பார்க்க வந்தவர், ஆயில் கையோடு எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கதை கேட்டார். மறுநாளும் வந்தார்... ஜீப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ள அப்புறம் படகு ஏறிடுச்சுங்களா டீச்சர்?"

"நாளைக்குத்தாங்க தெரியும்."

"அப்ப நாளைக்கும் வரேனுங்க."

கொஞ்ச நாளில் இரண்டு பேரும் நேராக ஃபாதரிடம் போய்க் கல்யாணத்துக்குப் பேர் கொடுத்தார்கள். ஒளிவு மறைவே இல்லை.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஜோடியின் பேரை வாசிப்பார்கள். ஓலை என்போம். தடை ஏதாவது தெரிந்தவர்கள் ஃபாதரிடம் சொல்ல வேண்டும்.

முதல் ஓலை வாசித்ததுமே ஒரு சலசலப்பு. இரண்டு பேரும் கத்தோலிக்கர்தான். ஆனால் டீச்சர் எங்களைப் போல மேலத்தெரு, அந்தோணி அண்ணனின் சாதிசனம் கீழத்தெரு.

சாதியைத் தடை என்று ஃபாதரிடம் சொல்ல முடியாதே. அதனால் இரண்டாவது ஓலை முடிந்த மறுநாள் மூன்று பெண்கள் போய், "அந்தப் பையன் ஓசூர் பக்கம் ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கான் சாமி" என்றார்கள்.

அப்படி ஒரு பெண்ணே கிடையாது. போன மூவரில் முன்னால் நின்று பேசியது ஞானம் பெரியம்மா.

வீட்டில் நான் கத்தினேன். "ஹன்னாவுக்குப் பூசை வெச்சீங்களே பெரிம்மா!"

"அது தீவுடி. அங்க மேலத்தெரு கீழத்தெருன்னு இருக்குதா? நாளைக்கு உன்னைய யாரு கட்டுவான்?"

மூன்றாவது ஞாயிறு... ஃபாதர் அறிவிப்பு வாசித்தார். வேறொரு ஜோடியின் ஓலை, பாடல் பயிற்சி, கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது. அவ்வளவுதான்.

கடைசி வரிசையிலிருந்து அந்தோணி அண்ணன் எழுந்து வெளியே போனார். டீச்சர் அடுத்த பாட்டை எடுத்தார். சுதி பிசகவில்லை.

ஓசூருக்கு எழுதி விசாரிக்கிறேன் என்றார் ஃபாதர். பதில் வருவதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டது, அப்போது கல்யாணம் கூடாது. தவக்காலம் முடிவதற்குள் அவருக்கே மாற்றல். அந்தோணி அண்ணனுக்கு அவர் வீட்டில் பெங்களூர் பக்கம் பெண் பார்த்துக் கட்டிவைத்துவிட்டார்கள்.

இதில் எனக்கு இன்றும் ஆறாதது ஒன்று உண்டு. அதற்கப்புறம் டீச்சர் கிளாஸ் பக்கம் வந்த அன்று பெரியம்மா கூசாமல் கேட்டார். "டீச்சர், அந்த ஹன்னாப் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சுங்களா?"

டீச்சர் பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஆச்சுங்க. ஊரே வந்துச்சு."

எல்லோரும் பெருமூச்சு விட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்கள். டீச்சர் அப்புறம் கதை சொல்லவே இல்லை.

மத்தியானம் பெரியம்மா போன் பண்ணினார். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே.

"பாவம்டி லூர்து... ஒரு கல்யாணம் கட்டியிருந்தா கடைசில வாய்ல தண்ணி ஊத்த ஒரு ஆளு இருந்திருக்கும். யாரு தடுத்தாங்க? அதுவாத்தான் வேணாம்னு இருந்துடுச்சு."

மறந்துபோய்ச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா தெரியவில்லை. நாளைக்கு அடக்கத்துக்கு ஆட்டோவில் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார். வேற ஆளைப் பாருங்க என்று போனை வைத்துவிட்டேன்.

நான் மட்டும் வரேன் டீச்சர்.