ரிஸ்னாவின் கண்களுக்காகக் கேட்டது

பிரியமானவர்களே, மூன்று நாள் நான் பயத்தில் செத்துப் பிழைத்தேன். அதைச் சொல்லத்தான் சபையில் எழுந்து நிற்கிறேன்.

திருகோணமலையில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இரசாயனமும் உயிர் இரசாயனமும் படிப்பிக்கிறேன். பத்தொன்பது வருடம் விரிவுரையாளராக இருந்த பிறகு, இரண்டு வருடங்களுக்கு முன், பேராசிரியர் பதவிக்கு நேர்முகத்தேர்வு வந்தது. அதற்கு ஒரு கிழமை இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலை, மாணவர்கள் ஆய்வுகூடத்தில் செய்முறையில் இருந்தார்கள். தேர்வு பற்றித் தொலைபேசி அழைப்பு வர, வெளியே போய்ப் பேசினேன். ஐந்து நிமிடம்தான். உள்ளே அலறல்.

"மெடம், கண் எரியுது! திறக்க ஏலாது!"

கிண்ணியா ஊரிலிருந்து வரும் பிள்ளை, ரிஸ்னா. பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்ததென்று கழற்றியிருக்கிறாள். காரக் கரைசல் இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது. குழாயடியில் தலையைப் பிடித்துக் கழுவிக்கொண்டே இருந்தேன். காரம் கண்ணை எப்படி அரிக்கும் என்று வருடாவருடம் படிப்பிப்பவள் நான். தெரிந்ததால் பயம் கூடியது.

ஆஸ்பத்திரியில் கண்களைக் கட்டினார்கள். "வெள்ளிக்கிழமை அவிழ்த்தாத்தான் சொல்லலாம்" என்றார் டாக்டர்.

கடலுக்குப் போய் வந்த கையோடு அவளுடைய வாப்பா ஓடி வந்தார். "நீங்க உள்ளுக்கயா நிண்டீங்க டீச்சர்?" நான் தலைகுனிந்தேன்.

கூட வேலை செய்பவர் ஒருவர் காதில் சொன்னார்: "உள்ளுக்கு நிண்டனான் எண்டு எழுதிக் குடுங்கோ. இல்லாட்டி பதவி போயிடும்."

அன்று ஜெபித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், முதலில் என் பெயருக்காகத்தான் ஜெபித்தேன். சமாதானம் வரவில்லை. சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை வார்டு வாசலில் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, பதவியை எடுத்துக்கொள்ளும். பிள்ளைக்குப் பார்வையைத் தாரும்."

எழுந்துபோய், வெளியே நின்றேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வாப்பாவிடமும் சொன்னேன். அவர் மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "நான் அல்லாஹ்க்கிட்ட துஆக் கேட்டுக்கொண்டுதான் இருக்கன். நீங்களும் கேளுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை கட்டை அவிழ்த்தார்கள். ரிஸ்னா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"வாப்பா, சட்டைய உள்பக்கம் வெளிய வரப் போட்டிருக்கீங்க."

அவர் தன்னைக் குனிந்து பார்த்தார். அப்படியே நிலத்தில் அமர்ந்து அழுதார். நானும் அழுதேன்.

விசாரணை நடந்தது. நேர்முகத்தேர்வு நின்றுபோனது. இந்த வருடம்தான் பேராசிரியரானேன். செய்முறை முடியும்வரை இப்போது நான் வாசலைத் தாண்டுவதில்லை.

உங்களில் யாராவது இன்று நடுங்கிக்கொண்டிருந்தால், ஒன்றையும் ஒளிக்காமல் அவரிடம் போங்கள். என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ளமாட்டார்.