கதவைத் திறக்காமலிருக்க ஒரு வாரம்

சின்னவளுக்கு வாய் முந்திக்கொள்ளும். யார் கதவைத் தட்டினாலும், ஆளைப் பார்க்குமுன்னே "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றுவிடுவாள். அந்தப் பழக்கம்தான் தேர்வில் அவள் காலை வாரிவிட்டது.

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். கூட வேலை செய்யும் பெண்கள் அவளைப் போலவே வெளிநாட்டில் பிழைக்க வந்த தமிழ் பேசுகிறவர்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி, குடியேற்ற அதிகாரிகள் தட்டியதும் கதவை அகலத் திறந்துவிட்டாள். அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவு இல்லையென்றால் திறக்கவேண்டாம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைக் கேட்ட மறுநாளே சின்னவள் இந்த உரிமைகளைச் சொல்லிக்கொடுக்க நூலகத்து மாடியில் நடந்த பயிற்சிக்குப் பேர் கொடுத்தாள். தேறினால் சலவைக்கூடத்துப் பெண்களுக்கு அவளே வகுப்பு எடுக்கலாம்.

பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் நடித்துக்காட்டும் தேர்வு. பயிற்சி கொடுக்கும் வக்கீலம்மா வெளியே போய், அதிகாரி மாதிரி தட்டினார். சின்னவள் சட்டென்று திறந்து, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

அறையே சிரித்தது. வக்கீலம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க தப்பாச் செஞ்சு காட்டினா, பாக்கிறவங்க அத்தனை பேரும் அப்படியே செய்வாங்கம்மா. அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை பாக்கலாம். அதுக்கு மேல கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "நீ வெளிய போய்த் தட்டு" என்றாள். அக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவள். ஒரு தையல் கோணினாலும் முழுசையும் பிரிக்கிற ரகம்.

"யாரு?"

"அதிகாரி."

"வாங்..."

"போச்சு! மறுபடி."

"அதிகாரி இப்படியா பூனை மாதிரித் தட்டுவான்? இடிச்சுத் தட்டுக்கா!"

"எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பாக்கிறாருடி."

"பாக்கட்டும். அவரும் கத்துக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க அக்கா அவளை விடவில்லை. அதட்டித் தட்டினாள், குழைந்து தட்டினாள், அடுப்பில் கை வேலையாக இருக்கும்போது தட்டினாள். வாய் தவறும்போதெல்லாம் சின்னவள் தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, "மறுபடி" என்றாள். வியாழக்கிழமை ஒருதரம்கூடத் தவறவில்லை. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் முகத்தில் காட்டாமல், "பரவாயில்ல" என்றாள்.

சனிக்கிழமை வக்கீலம்மா இடித்தே தட்டினார்.

"நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவு இருந்தா கதவுக்கு அடியில தள்ளுங்க."

"ரெண்டே கேள்விதாம்மா. உள்ள வந்து பேசலாமே?"

சின்னவளுக்கு 'வாங்க' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வக்கீல் இல்லாம நான் எதுக்கும் பதில் சொல்ல மாட்டேன்."

"வெளிய மழைம்மா, நனையறேன்."

"நனையுங்க சார்."

வக்கீலம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். "இது நம்ம பாடத்துலயே இல்லையேம்மா!"

"மரியாதையாத்தானே சொன்னேன்?"

மறுவாரம் சலவைக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் முதல் வகுப்பு. துணி மடிக்கும் பெண் ஒருத்தி முதலில் முன்வந்தாள். சின்னவள் வெளியே போய்த் தட்டியதும், அவள் முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்து நின்றாள். உள்ளே எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

சின்னவள் கையை உயர்த்தினாள். "யாரும் சிரிக்காதீங்க. எனக்கு இதுக்கு ஒரு வாரம் ஆச்சு." பிறகு அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "தாழ்ப்பாள் போட்டுக்கம்மா. நான் மறுபடி தட்டுறேன்" என்று வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.